வில்லன் வாயில் வைத்த உண்மை

ஒருவர் என்னை நம்பிச் சொன்ன உண்மையை நான் தெரிந்தே தலைகீழாக்கி எழுதினேன். அது கை தவறி நடந்த பிழை இல்லை. எது உண்மை என்று எனக்குத் தெரியும். அதை எங்கே வைக்கக் கூடாது என்றும் தெரியும். அங்கேதான் வைத்தேன். அதனால் ஆம்பூருக்குப் பக்கத்தில் ஒரு பெண்ணை, புருஷனைக் கொன்றவள் என்று ஒரு தெருவே சொன்னது.

சீரியலுக்கு வசனம் எழுத வந்திருக்கும் உங்களுக்கு என் அனுபவத்தைச் சொல்லும்படி கேட்டார்கள். காட்சியை எங்கே உடைப்பது, வெள்ளிக்கிழமை எபிசோடை எங்கே நிறுத்துவது என்பதையெல்லாம் உங்கள் இயக்குநர்கள் ஒரு வாரத்தில் கற்றுக்கொடுத்துவிடுவார்கள். நான் சொல்ல வந்தது ஒரு விரலைப் பற்றி மட்டும்தான்.

நான் சென்னைக்குக் குடிபோகாமல் ஆம்பூரில் இருந்தபடியே எழுதியவன். தமிழ் எம்.ஏ. முடித்துவிட்டு ஒரு டுடோரியலில் பாடம் நடத்திக்கொண்டிருந்த என்னை ஒரு தயாரிப்பாளர் கூப்பிட்டார், போனேன். கதை விவாதத்துக்கு மட்டும் ரயிலேறுவேன். மற்ற நாட்களில் சாயங்காலம் ஒரு ஷூ கம்பெனி கேட்டுக்கு எதிரே இருந்த பாய் டீக்கடையில் போய் உட்கார்ந்துகொள்வேன். ஷிப்ட் முடிந்து வெளியே வரும் பெண்கள் கம்பெனி பஸ் கிளம்பும்வரை அங்கே நின்று டீ குடிப்பார்கள். அவர்கள் பேச்சில் பாதி முந்தின நாள் சீரியல். சேனலில் உள்ளவர்கள் டிஆர்பி கணக்குக்காக வாரக் கடைசிவரை காத்திருப்பார்கள். எனக்கு அது மறுநாள் சாயங்காலமே வந்துவிடும். எந்தக் காட்சி எடுபட்டது, எது படுத்துக்கொண்டது என்று அந்தப் பெண்களின் வாயைப் பார்த்தே தெரிந்துகொள்வேன். இதை என் தொழில் ரகசியமாக நினைத்துப் பெருமைப்பட்டிருக்கிறேன்.

அந்தக் கூட்டத்துக்குத் தலைவி மாதிரி இருந்தவள் பச்சையம்மா. கம்பெனியில் ஹவுஸ் கீப்பிங் வேலை. புருஷன் இல்லை, முரளி என்று ஒரே மகன். நான்தான் எழுதுகிறேன் என்று பாய் சொல்லிவிட்ட நாளிலிருந்து என்னை விடமாட்டாள்.

"இன்னா சார், அந்த மாமியாக்காரிக்கு வயிறே வலிக்காதா? இத்தினி வெஷத்த எங்க வெச்சிக்கினு இருக்கா?"

"நீ மாமியார் ஆவும்போது தெரியும்" என்பார் பாய்.

"நான் ஆனா என் மருமவள தங்கமா வெச்சிப்பேன் பாய். உன் டீ மாதிரி தண்ணியாவா வெச்சிப்பேன்?"

இப்படி ஒரு கூட்டம்.

அப்போது நான் எழுதிக்கொண்டிருந்த சீரியலில் கதாநாயகியின் கணவனாக நடித்தவருக்கு ஒரு சினிமா வாய்ப்பு வந்தது. இனி வரமாட்டேன் என்றார். அவரைக் கதையிலிருந்து அனுப்பியாக வேண்டும். விபத்து, மூளைச்சாவு, உறுப்பு தானம் என்று முடிவு செய்தோம். அவர் போனாலும் கதாநாயகிக்குப் பெரிய மனசு என்று பெயர் வரும். சமூகத்துக்கும் நல்லது. அந்த வரிசையில்தான் யோசித்தோம். மறைக்கவில்லை.

மூளைச்சாவு பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்தவர் மூலமாக வேலூரில் ஒரு பெண் டாக்டரைப் பார்க்கப் போனேன். தீவிர சிகிச்சைப் பிரிவில் பல வருடம் இருந்தவர். பாகாயத்தில் அவர் வீட்டு முன்னறையில் உட்காரவைத்து, ஒரு மாணவனுக்குச் சொல்வது போல் சொன்னார்.

"நாங்க குடும்பத்துக்கிட்ட முதல்ல பேசறது தானத்தைப் பத்தி இல்ல. அவர் இறந்துட்டார்ங்கறதைப் பத்தி. அதை நம்பறதுதான் கஷ்டம். மெஷின்ல நெஞ்சு ஏறி இறங்கும். உடம்பு சூடா இருக்கும். சில சமயம் விரல்கூட ஆடும்."

"விரல் ஆடுமா?" என்றேன். எழுத்தாளன் காது அங்கேதான் நிமிர்ந்தது.

"ஆடும். கால் இழுக்கும். அது மூளையிலேர்ந்து வர்றதில்ல, தண்டுவடத்திலேர்ந்து வர்றது. மூளை செத்துப் பல மணி நேரம் ஆனப்புறமும் வரும். பெத்தவங்க அதைப் பார்த்தா எப்படி இருக்கும், யோசிச்சுப் பாருங்க. அதனால நான் முன்னாடியே கையைப் பிடிச்சுக்கிட்டுச் சொல்லிடுவேன். 'இது தண்டுவடம் பண்றதும்மா, அவர் பண்றதில்ல.' இந்த ஒரு வாக்கியத்துக்கு வர எனக்கு ரொம்ப வருஷம் ஆச்சு சார். வேற எப்படிச் சொன்னாலும் அவங்களுக்குப் போய்ச் சேரல."

கிளம்பும்போது, உங்களுக்கு என்ன தர வேண்டும் என்று கேட்டேன். "ஒண்ணும் வேணாம். அந்த வாக்கியத்தை ஜனங்க ஒரு தடவை டிவியில கேட்டுட்டா போதும். அப்புறம் நாங்க சொல்றப்ப புதுசா இருக்காது" என்றார்.

எழுதினேன். கணவன் படுக்கையில். கதாநாயகி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அவரை அனுப்பத்தான் முடியும், நிறுத்த முடியாது. போறவரு நாலு வீட்டுக்கு வெளிச்சமா போகட்டும்" என்று சம்மதம் சொல்கிறாள். அந்த எபிசோடுக்கு மறுநாள் கேட் முன்னால் டீ ஆறிப்போனது. பச்சையம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். எனக்கு உள்ளுக்குள் கொண்டாட்டம்.

அடுத்த வாரம் அந்தச் சினிமா நின்றுபோனது. நடிகர் திரும்ப வருகிறேன் என்றார். மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது இயக்குநர் போன் செய்தார்.

"சார், அவரை எழுப்பணும்."

"மூளைச்சாவுப்பா. எப்படி எழுப்பறது?"

"சீரியல்ல செத்தவன் வந்ததே இல்லியா சார்? இவர இன்னும் எரிக்கக்கூட இல்ல. நாளைக்குக் காலைல ஷூட். சாயங்காலத்துக்குள்ள சீன் வேணும். யாராவது தப்பு பண்ணிட்டாங்கன்னு வெச்சிடுங்க. அந்த டாக்டர் கேரக்டர் இருக்காரே, அவரை வில்லன் ஆக்கிடுங்க."

நீங்கள் இந்த இடத்துக்கு வருவீர்கள். இப்படி ஒரு போன் உங்களுக்கும் வரும். அப்போது எத்தனையோ வழி இருக்கும். ஆள் மாறிவிட்டது என்று வைக்கலாம். இரட்டைப் பிறவி என்று வைக்கலாம். ரசிகர்கள் சிரிப்பார்கள், ஆனால் இரட்டைப் பிறவியால் எந்த வீட்டிலும் பிணத்தின் முன்னால் சண்டை வராது. நான் அதையெல்லாம் யோசிக்கவில்லை. கையில் ஒரு விரல் இருந்தது. டாக்டரம்மா கொடுத்த விரல்.

காட்சி இதுதான். கதாநாயகி கையெழுத்துப் போடப் பேனாவை எடுக்கிறாள். கணவனின் விரல் அசைகிறது. அவன் அம்மா அலறுகிறாள். கிட்னிக்கு விலை பேசி முடித்துவிட்ட வில்லன் டாக்டர் அமைதியாகச் சிரித்தபடி சொல்கிறான்: "இது தண்டுவடம் பண்றதும்மா, அவர் பண்றதில்ல."

அப்படியே. ஒரு எழுத்து மாற்றவில்லை. பொய் சொல்பவன் நம்பும்படி பேச வேண்டும் அல்லவா? என்னிடம் இருந்ததிலேயே நம்பும்படியான வாக்கியம் அதுதான். பிறகு அம்மா மருமகள் பக்கம் திரும்பி, "அவன் விரல் ஆடினப்போ உன் விரல் பேனாவைப் பிடிச்சிருந்ததுடி!" என்று கத்துகிறாள். வெள்ளிக்கிழமை அங்கே நிறுத்தினோம். ப்ரோமோவில் திரும்பத் திரும்பப் போட்டார்கள். திங்கட்கிழமை கணவன் கண் விழித்தான். வில்லன் டாக்டர் கைவிலங்கோடு போனான்.

டீக்கடையில் திருவிழாதான். பாய் எனக்கு டீக்குக் காசு வாங்கவில்லை. பச்சையம்மா மட்டும் கூட்டத்திலிருந்து விலகி என் பக்கத்தில் வந்து, வழக்கமில்லாத மெல்லிய குரலில் கேட்டாள்.

"சார், அது நெஜமா? ஆஸ்பத்திரில அப்டி விரல் ஆடுமா? ஆடிச்சின்னா உயிரு இருக்குன்னுதான அர்த்தம்?"

நான் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னேன்: "நாங்க டாக்டரைக் கேட்டுத்தாம்மா எழுதறோம்."

இந்த வாக்கியத்தில் பொய் எங்கே இருக்கிறது என்று தேடினால் கிடைக்காது. அதுதான் அதன் அசிங்கம்.

அந்த வாரமே டாக்டரம்மா போன் செய்தார். திட்டுவார் என்று தயாராக இருந்தேன். திட்டவில்லை. "இன்னிக்கு ஒரு குடும்பத்துக்கிட்ட அதைச் சொன்னேன் சார். அந்தப் பையனோட அக்கா என்னைப் பார்த்த பார்வை இருக்கே. இனிமே நான் அந்த வாக்கியத்தைச் சொல்ல முடியாது. வேற தேடணும்" என்றார். அவ்வளவுதான். எனக்கு முகம் எரிந்தது. ஆனால் மறுநாள் எபிசோட் இருந்தது, எழுதினேன்.

சில வருடங்கள் போயின. அந்த சீரியல் முடிந்தது, வேறு இரண்டு எழுதினேன், பிறகு ஓய்வு. டீக்கடைப் பழக்கம் மட்டும் விடவில்லை. ஒரு நாள் காலையில் பாய் போன் செய்தார்.

"சார், நம்ம பச்சையம்மா பையன் முரளி போய்ட்டான். நேஷனல் ஹைவேல வண்டி மோதிடுச்சி. உறுப்பெல்லாம் தானம் குடுத்துட்டாங்களாம். கவர்மெண்ட் மரியாதையாம், ஆபீசருங்கல்லாம் வர்றாங்களாம். வர்றீங்களா?"

போனேன். எந்த மனநிலையில் போனேன் என்பதையும் சொல்ல வேண்டும். வழியெல்லாம் ஒரு எண்ணம் என்னைத் தடவிக்கொடுத்தபடி வந்தது: நாம் எழுதியதைப் பார்த்துத்தான் கொடுத்தார்களோ?

தெரு நிறைய ஜனம். ஃப்ரீசர் பெட்டிக்குள் முரளி. காலடியில் அவன் மனைவி கல்பனா, அதே கம்பெனியில் தையல் பிரிவில் வேலை செய்பவள், யாரையும் பார்க்காமல் உட்கார்ந்திருந்தாள். வருவாய்த்துறை அதிகாரி ஒருவர் வெயிலில் மலர்வளையத்தோடு வந்தார். போலீஸ்காரர்கள் தொப்பியைச் சரிசெய்துகொண்டார்கள். பறை நின்றது. அதிகாரி குனிந்து வளையத்தை வைத்தார்.

அந்த அமைதியில் பச்சையம்மா எழுந்தாள். அதிகாரியைப் பார்க்கவில்லை, மகனைப் பார்க்கவில்லை. மருமகளுக்கு நேரே கையை நீட்டினாள்.

"அவன் விரல் ஆடினப்போ உன் விரல் பேனாவப் புடிச்சிருந்ததுடி!"

யாரோ என் சட்டையைக் கழற்றித் தெருவில் நிறுத்தியது போல இருந்தது. ஒரு வயசான பெண், பெற்ற பிள்ளையின் பிணத்துக்கு முன்னால், தன் வாழ்க்கையின் மிக மோசமான நிமிஷத்தில் வாயைத் திறக்கிறாள். உள்ளேயிருந்து வருவது என் வசனம். இயக்குநர் கேட்டதற்காகச் சாப்பாட்டுத் தட்டை ஒதுக்கிவைத்துவிட்டு எழுதிய வசனம்.

கூட்டத்தில் யாரும் ஆச்சரியப்படவில்லை. அது என்னை இன்னும் உலுக்கியது. எல்லோருக்கும் அந்தக் காட்சி தெரிந்திருந்தது. அடுத்து என்ன நினைக்க வேண்டும் என்றும் தெரிந்திருந்தது. "விரல் ஆடிச்சாமே?" என்று பின்னால் ஒரு குரல். "எவ்ளோ குடுத்திருப்பாங்க?" என்று இன்னொன்று. பாய் என் கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்தார்.

ஆஸ்பத்திரியில் நடந்ததைக் கல்பனாதான் பிறகு சொன்னாள். வேலைக்குத் திரும்பிய முதல் வாரம் கேட்டுக்கு வெளியே தனியாக நின்றுகொண்டிருந்தாள். நானாகப் போய்ப் பேசினேன்.

"டாக்டருங்க ரெண்டு தடவ டெஸ்ட் பண்ணிப் பாத்துட்டுத்தான் சொன்னாங்க சார். அத்தையும் பக்கத்துலதான் இருந்தாங்க. விரல் ஆடலாம், பயப்படாதீங்கன்னு மொதல்லயே சொன்னாங்க. அப்புறம் நெஜமாவே ஆடிச்சி. அத்த கத்துனாங்க. ஒரு சின்ன வயசு டாக்டர் ஓடிவந்து, 'இது தண்டுவடம் பண்றதும்மா, அவர் பண்றதில்ல'ன்னாரு. அதக் கேட்டதும் அத்த அப்டியே என்ன திரும்பிப் பாத்தாங்க."

அந்த இளம் டாக்டர் யாரிடம் படித்தவரோ எனக்குத் தெரியாது. வாக்கியம் அதேதான். எங்கிருந்தோ கைமாறி வந்து, கடைசியில் பச்சையம்மா காதில் வில்லனின் குரலாக விழுந்திருக்கிறது.

"நீ எப்படிம்மா சம்மதிச்ச?" என்றேன்.

"உங்க சீரியல் பாத்துதான் சார். அதுல அவங்க சொல்லுவாங்களே, நாலு வீட்டுக்கு வெளிச்சமா போகட்டும்னு. நெமிலில எங்கம்மா வீட்ல எல்லாரும் உக்காந்து பாத்தோம். எனக்கு அது மனசுலயே நின்னுடிச்சி."

"அதுக்கு அடுத்த வாரம் பார்க்கலியா?"

"அடுத்த வாரம் எனக்குக் கல்யாணம் சார்."

நான் பாய் கடை பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். ஒரே வீட்டில் இரண்டு பெண்கள். ஒருத்தி என் முதல் பாதியைப் பார்த்துவிட்டுச் சம்மதித்தாள். இன்னொருத்தி என் இரண்டாம் பாதியைப் பார்த்துவிட்டு அவளைக் கொலைகாரி என்றாள். இரண்டையும் நம்பும்படி எழுதியவன் ஒருவன்.

பஸ் ஹாரன் அடித்தது. கல்பனா ஏறி ஜன்னல் ஓரம் உட்கார்ந்தாள். அந்தக் கம்பெனி பஸ்ஸில் சீட்டுக்குச் சண்டையே நடக்கும். மூன்று பேர் உட்காரும் சீட்டில் நான்கு பேர் இடித்துக்கொண்டு போவார்கள். அன்று பாதிப் பெண்கள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். கல்பனாவின் பக்கத்து இடம் காலியாகவே இருந்தது. யாருடைய போனிலோ அந்தக் காட்சி ஓடும் சத்தம் கேட்டது. சீரியல் முடிந்து வருடங்கள் ஆனாலும் அந்த விரல் துண்டாக வெட்டப்பட்டுப் போன் போனாகச் சுற்றிக்கொண்டிருந்தது. வேண்டுமென்றே போட்டார்கள்.

வீட்டில் இன்னும் மோசம். கல்பனா சமைத்ததைப் பச்சையம்மா தொடுவதில்லை. நெமிலிக்கே வந்துவிடு என்று அம்மா வீட்டில் கூப்பிட்டார்கள். "போனா, ஆமா நான்தான் பண்ணேன்னு ஆயிடும் சார்" என்றாள். அந்த வீட்டிலும் அந்த பஸ்ஸிலும் அவளுக்கு இடம் இருக்குமா என்பதுதான் கேள்வி. அந்த இடத்தைப் பறித்தவன் நான்.

முதலில் பச்சையம்மா வீட்டுக்குப் போனேன். தண்டுவடம், மூளை, மெஷின் என்று டாக்டரம்மா சொன்னதையெல்லாம் நிதானமாக, தெளிவாக விளக்கினேன். டுடோரியலில் பாடம் நடத்தியவன் அல்லவா? அவள் கடைசிவரை கேட்டாள்.

"முடிச்சிட்டியா?" என்றாள். அதுவரை சார் என்றுதான் கூப்பிட்டிருக்கிறாள். "சீரியல்ல அந்த டாக்டரும் இப்டித்தான் நின்னு நெதானமா பேசினான். ஆஸ்பத்திரிக்காரங்க அனுப்பினாங்களா, இல்ல இவ அனுப்பினாளா?"

உள்ளே கல்பனா பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது. நான் எழுந்து வந்துவிட்டேன். நான் போனதில் அவளுக்கு இன்னும் ஒரு பழி கூடியதுதான் மிச்சம்.

சரி, டிவியால் கெட்டதை டிவியால்தான் சரிசெய்ய முடியும் என்று நினைத்தேன். என்னிடம் உதவியாளராக இருந்தவர் இப்போது ஒரு சீரியல் எழுதுகிறார். கெஞ்சி ஒரு காட்சி வாங்கினேன். எல்லோருக்கும் பிடித்த நல்ல டாக்டர், அழும் குடும்பம், விரல் அசைவு. அவர் உட்கார்ந்து, கையைப் பிடித்து, உண்மையைச் சொல்கிறார். குடும்பம் புரிந்துகொள்கிறது. என் வாழ்க்கையில் அவ்வளவு கவனமாக நான் எதையும் எழுதியதில்லை.

ஒளிபரப்பான அன்று வீட்டில் உட்கார்ந்து பார்த்தேன். விரல் அசைந்தது. திடீரென்று அந்தச் சத்தம், நீங்கள் எல்லோரும் அறிந்த அந்த இடி போன்ற சத்தம், மூன்று முறை. விரல் மூன்று முறை பெரிதாக வந்தது. அம்மாவின் முகம் மூன்று முறை. தொடரும்.

வெள்ளிக்கிழமை. டாக்டரின் விளக்கம் திங்கட்கிழமைக்குப் போய்விட்டது.

எடிட்டருக்குப் போன் செய்து கத்தினேன். அவருக்கு நான் ஏன் கத்துகிறேன் என்றே புரியவில்லை. "சார், விரல் ஷாட் வந்தா அந்த எஃபெக்ட் போடறதுதானே வழக்கம்? நீங்க ஆரம்பிச்சு வெச்சதுதானே?" என்றார். கேலி இல்லை, மரியாதையாகத்தான் சொன்னார். சனிக்கிழமைக்குள் அந்தத் துண்டு வெட்டப்பட்டு, 'செத்தவர் விரல் அசைந்தது' என்று ஒரு தலைப்போடு என் போனுக்கே வந்து சேர்ந்தது. திங்கட்கிழமை விளக்கத்தை யாரும் வெட்டி அனுப்பவில்லை.

"மறுபடியும் விரலா சார்? எழுந்துடுவாரா?" என்று பாய் ஆசையாகக் கேட்டார். பச்சையம்மா தெருவில் இன்னொரு வீட்டில் ஒரு பையனுக்கு அதே நிலை வந்தபோது, தானம் வேண்டவே வேண்டாம் என்று சொல்லி வந்துவிட்டார்கள் என்பதையும் அவர்தான் சொன்னார். அந்த உறுப்புகளுக்காக எங்கெங்கோ காத்திருந்த மனிதர்கள் இருந்திருப்பார்கள். அவர்களுக்கு என் பெயர் தெரியாது.

மறுநாள் சாயங்காலம் நான் அந்தக் கம்பெனி பஸ்ஸில் ஏறினேன். யோசித்துத் திட்டமிட்டு ஏறவில்லை. கல்பனா ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தாள், பக்கத்து இடம் காலி. பச்சையம்மா முன்வரிசையில் இருந்தாள். டிரைவர் என்னைத் தெரிந்தவர், இன்ஜினை அணைத்தார்.

"அம்மா, எல்லாரும் கேளுங்க. அந்த சீரியலை எழுதினவன் நான்தான். அதுல அந்த வில்லன் டாக்டர் சொன்னாரே, அதுதான் நிஜம்."

பின்னாலிருந்து ஒரு பெண்: "அப்ப அவரு நல்லவரா சார்? ஐயோ, ஜெயிலுக்கு அனுப்பிட்டீங்களே!"

பஸ்ஸே சிரித்தது.

"ஆமாம்மா. நல்லவரைத்தான் அனுப்பினேன்."

"கொழுப்பு சார் உங்களுக்கு" என்றாள் இன்னொருத்தி. மறுபடி சிரிப்பு.

பச்சையம்மா சிரிக்கவில்லை. எழுந்து நின்று என் முகத்துக்கு நேரே கேட்டாள்.

"நான் உன்ன டீக்கடைல கேட்டனே. இன்னா சொன்ன?"

"டாக்டரைக் கேட்டுத்தான் எழுதறோம்னு சொன்னேன்."

"கேட்டியா?"

"கேட்டேன்."

"அவங்க இன்னா சொன்னாங்க?"

"விரல் ஆடும், ஆனா அது உயிர் இல்லன்னு சொன்னாங்க."

"அப்ப தெரிஞ்சேதான் மாத்தின."

"தெரிஞ்சேதான் மாத்தினேன்."

"இன்னாத்துக்கு?"

என்னென்னவோ பதில்கள் வாய்வரை வந்தன. "அந்த நடிகர் திரும்பி வந்துட்டாரு. மறுநாள் ஷூட்டிங்" என்றேன்.

ஒரு மனுஷன் இப்படியும் செய்வானா என்று அவள் என்னைப் பார்த்த பார்வையை நான் விவரிக்கப்போவதில்லை. காலையில் எழுந்தால் இன்றும் முதலில் அதுதான் கண்ணில் வருகிறது. வீட்டுக்குப் போய் நான் விளக்கிய உண்மையை அவள் நம்பவில்லை. பஸ்ஸில் நான் ஒப்புக்கொண்ட குற்றத்தை உடனே நம்பினாள். அன்று நான் உண்மையைப் பாடமாகச் சொல்லவில்லை, செய்ததைச் சொன்னேன். இரண்டுக்கும் வித்தியாசம் இருக்கிறது என்று அந்த வயசில்தான் எனக்குத் தெரிந்தது.

"எறங்கு" என்றாள்.

இறங்கினேன். பின்னால் அவள் குரல் கேட்டது. "இன்னாடி எல்லாம் மொறைக்கிறீங்க? அவ கையெழுத்துதான் போட்டா. எழுதினது இவன்." ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பச்சையம்மா தன் பையை எடுத்துக்கொண்டு பின்னால் போய், அந்தக் காலி இடத்தில் உட்கார்ந்தாள். கல்பனா பக்கம் திரும்பவில்லை. கல்பனா ஜன்னலை விட்டு முகத்தை எடுக்கவில்லை. பஸ் கிளம்பியது.

இத்தோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் எழுதினால் அதுவும் ஒரு சீரியல்தான். அந்தத் துண்டுக் காட்சி இன்னும் சுற்றுகிறது. அதை நீக்கச் சொல்லி சேனலுக்குப் போட்ட விண்ணப்பங்களுக்குப் பதில் இல்லை. பச்சையம்மாவும் முழுதாக மாறவில்லை. பழி கல்பனாவிடமிருந்து என்னிடம் வந்தது, அவ்வளவுதான். அதைத்தான் கேட்டேன், கிடைத்தது. என்னைப் பார்த்தால் பச்சையம்மா டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போய்விடுவாள்.

போன மாதம் அப்படிப் போனவள் திரும்பி வந்தாள். பின்னால் கல்பனாவும் நின்றாள்.

"அந்த விரல் ஆடிச்சே" என்றாள் பச்சையம்மா. "அப்ப அவனுக்கு வலிச்சிருக்குமா?"

எனக்குப் பதில் தெரியும். டாக்டரம்மா அதையும் அன்று சொல்லியிருந்தார். வாயைத் திறந்தேன். பிறகு மூடிக்கொண்டேன். போனை எடுத்து, இத்தனை வருடத்தில் ஒரு முறைகூட அழைக்கத் துணியாத அந்த எண்ணை அழைத்தேன். அவர் எடுத்தார். யார் என்று சொன்னேன். "ஒரு அம்மா உங்ககிட்ட ஒண்ணு கேக்கணுமாம்" என்றேன்.

போனைப் பச்சையம்மாவிடம் கொடுத்துவிட்டுச் சாலையைத் தாண்டி எதிர்ப்பக்கம் போய் நின்றேன். லாரிகள் போய்க்கொண்டிருந்தன. இடைவெளிகளில் தெரிந்தது: அவள் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரத்தில் தரையில் உட்கார்ந்தாள். கல்பனாவும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

போனைத் திருப்பிக் கொடுத்தவள் கல்பனாதான். பழைய வாக்கியத்தை விட்டுவிட்டு வேறு தேடணும் என்று சொன்ன அந்த டாக்டர் இப்போது எந்த வாக்கியத்தைச் சொன்னார் என்று அவளிடம் நான் கேட்கவில்லை. தெரிந்தால் என்றாவது ஒரு நாள் எழுதிவிடுவேன்.